கோடு இருந்த இடத்தில் பூஜ்யம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருப்பது பேப்பரைப் பார்த்தாலே தெரிகிறது. போன வாரம் உன் படம் போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை நிறுத்தி மூன்று வருடமாகியும் யாருக்கும் ஒரு பாதிப்பும் இல்லை என்று, சுகாதார இயக்குநராகிய நீ சொன்னது கீழே இருந்தது.

அன்றைக்கு நான் தங்கச்சி வீட்டில் இருந்தேன். அவள் பேரன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து வாரமாகிறது. காய்ச்சல் வந்தபோது அவனுக்கு ஏழு மாதம். இப்போது பால் குடிக்கிறான், முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறான். தங்கச்சி அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுகிறாள். எடுக்கிறாள், மறுபடியும் போடுகிறாள். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "என்னம்மா, பாத்திரக்கடை ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையைப் பார்த்ததும் இறங்கிப் போய்விட்டார். "இப்ப லேசா திரும்பினான், பார்த்தியாண்ணா?" என்றாள் என்னிடம். ஆமாம் என்றேன். அவன் திரும்பவில்லை. உனக்கு நாலு தடவை போன் செய்தாளாம். "பெரியண்ணனுக்கு மீட்டிங் இருக்கும்" என்று உனக்காகச் சமாதானமும் அவளே சொல்லிக்கொண்டாள்.

நீ பயிற்சி டாக்டராக இருந்த காலத்தை மறந்திருக்கமாட்டாய். எட்டாம் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், தரையில் பாய். பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் காது போய்த்தான் வீடு திரும்பினார்கள். பிறகு ஊசி வந்தது. ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, உயர்நிலைப் பள்ளியில் இன்னொன்று. இரண்டாவது எதற்கு என்று எனக்கு விளக்கியவனே நீதான். வளர்ந்த பிள்ளைகள் கிருமியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஜம்மென்று திரிவார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அது ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால்தான் ஆபத்து என்றாய். தங்கச்சியின் கடைசி மகன் பத்தாவது படிக்கிறான். அவன் பள்ளிக்கு ஊசி போடும் ஆட்கள் வரவில்லை. அவனிடமிருந்துதான் வந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. நீயும் இல்லையென்று நிரூபிக்க முடியாது.

ஊசி என்ன செய்தது என்பதை நான் வார்டில் போய்ப் பார்க்கவில்லை. காது கேளாதோர் பள்ளியில் பார்த்தேன். புள்ளிவிவரப் பிரிவுக்காக வருடா வருடம் அங்கே போய்ச் சின்ன வகுப்பில் எத்தனை பேர் என்று எழுதி வருவேன். பத்து வருடத்தில் இரண்டு பிரிவு ஒன்றாகி, ஒரு அறையைப் பூட்டிவிட்டார்கள். தலைமையாசிரியை, "சார், உங்க ஊசி எங்க பொழப்புல மண்ணைப் போட்டுடுச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். அவ்வளவு சந்தோஷமாக வேலை போனதைப் பற்றிப் பேசிய ஒருவரை நான் பார்த்ததில்லை. இந்த வருடம் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "புதுசா நாலு பேர், சார்" என்றார்.

இனி என் பங்கு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மாதா மாதம் நோய்க்கணக்கு வரும். வராத நிலையத்துக்கு நேரே ஒரு சிறு கோடு போடுவோம். 'தெரியாது' என்பது அதன் பொருள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அது கோட்டை ஏற்கவில்லை. எண் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பூஜ்யம் போட்டுத் தள்ளுங்கள் என்று சொன்னவன் நான்தான். ஆளில்லாமல் பாதி நிலையங்கள் கணக்கு அனுப்புவதையே நிறுத்தியிருந்தன. எங்கள் திரையில் அவையெல்லாம் நோயே இல்லாத ஊர்கள்.

அந்தப் பூஜ்யங்களைத்தான் நீ கமிட்டியில் திரை போட்டுக் காட்டினாய். நோய் ஒழிந்துவிட்டது, இரண்டாவது ஊசி வீண் என்றாய். மூன்றாம் வரிசையில் இருந்த நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் நீ என்னைக் கைகாட்டி, "என் தம்பிதான். வீட்லயும் பூஜ்யம், ஆபீஸ்லயும் பூஜ்யம்தான் போடறான்" என்றாய். கூட்டமே சிரித்தது. நாக்கு நுனிவரை வந்தது உள்ளே போய்விட்டது. நன்றாக அவமானப்படட்டும், ஒரு நாள் தெரியவரும்போது முழிக்கட்டும் என்று உட்கார்ந்துகொண்டேன். நீ இன்னும் முழிக்கவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டிருப்பவள் தங்கச்சி.

போன மாதம் முறைப்படி ஒரு குறிப்பு அனுப்பினேன். 'விவரங்கள் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவை' என்று உன் அலுவலகம் பதில் போட்டது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

அடுத்த மாதம் கமிட்டி கூடுகிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் நான் கையால் எழுதிவந்த பழைய பேரேட்டின் கோடு போட்ட பக்கங்களை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளி ஊசியை மறுபடி தொடங்கு. தங்கச்சி பேரனுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பூட்டுத் திறந்த அறையில் ஐந்தாவதாக அவன் உட்காருவான். ஆறாவதாக யாரும் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். நீ செய்யமாட்டாய் என்று முக்கால்வாசி தெரிந்தும் கேட்கிறேன்.

உன் வீட்டிலும் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். உன் வீட்டில் தட்டு விழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும்.

கையெழுத்துப் போடாமல்தான் இதைத் தபாலில் சேர்க்கப்போகிறேன். போட்டால் எழுத்தர் பிழை என்று என்னை வீட்டுக்கு அனுப்பிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஊசி நின்றது நின்றபடியே இருக்கும். போடாவிட்டால், நீயே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். மொட்டைக் கடிதங்களைக் கிழித்துப் போடச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டவன் நீ என்பதும் தெரியும். ஆனால் இந்த எழுத்து யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் உன் ரெக்கார்டு நோட்டு முழுவதையும் எழுதிக் கொடுத்த கை இது. அப்போதும் கீழே உன் பெயரைத்தான் போட்டுக்கொண்டாய். இப்போதும் போட்டுக்கொள்.