முடிச்சுக் கயிறும் ஒரு இந்திப் படமும்

இன்று காலை நம் தண்ணீர் மோட்டார் கம்பெனி மீட்டிங்கில் மேனேஜர் ஒரு இந்திப் படக் காட்சியைத் திரையில் போட்டார். நீயும் நானும் சேர்ந்து பார்த்த அதே படம். வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல மறுக்கும் சேல்ஸ்மேன் கதை. "நேர்மைதானுங்க நம்ம கம்பெனியோட மூலதனம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்தோமே, நினைவிருக்கிறதா? பாதி இந்தி நமக்குப் புரியவில்லை. "புரிஞ்ச பாதி போதும்ப்பா" என்றாய். போதவில்லையடா. படத்தில் நல்லவன் ஜெயிக்க இரண்டரை மணி நேரம் போதும். உனக்கு ஆயுளே போதவில்லை.

மோட்டார் விற்கப் போகிறவன் யாராவது கயிறு கொண்டுபோவானா? நீ போனாய். பத்தடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு இரும்பு நட்டு. பழைய மோட்டாரை ஓடவிட்டு, போர்வெல்லில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று கயிறு விட்டுப் பார்த்த பிறகுதான் உனக்குப் பேச்சே. அன்னூரில் பத்து எச்.பி. மோட்டார் கேட்ட விவசாயியிடம், "ஏனுங்க, உங்க போருக்கு அஞ்சே சாஸ்திங்க. பெருசு போட்டா தண்ணியில்லாம ஓடி எரிஞ்சுபோயிருமுங்க" என்றாய்.

அடுத்த மீட்டிங்கில் இதே மேனேஜர் உன்னை எழுப்பி நிறுத்தினார். "இவரு மோட்டார் விக்கப் போனாரா, கெணறு அளக்கப் போனாரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அதே விவசாயிக்குப் பத்து எச்.பி.யை விற்றதும் நான்தான். அந்த மாதமே உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கோடையில் அந்த மோட்டாரும் எரிந்தது. அந்த விவசாயி என் சட்டையைப் பிடிக்கவில்லை. "கயிறு உட்டுப் பார்த்த தம்பி எங்கீங்க?" என்று மட்டும் கேட்டார். நீ மாரடைப்பில் போய் அன்றைக்கு எட்டு நாள் ஆகியிருந்தது.

உன்மேலும் கோபம்தான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? வேலை போன அன்று கயிற்றை என் வண்டிப் பெட்டியில் போட்டு, "வெச்சுக்கப்பா, ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதற்கு ஓர் அறை விட்டிருக்கலாம்.

கைதட்டல் ஓய்ந்ததும் மேனேஜர், "இப்படியொரு ஆளு நம்மகிட்ட இருக்காரா?" என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"இருந்தாருங்க. நீங்க அனுப்பிப்போட்டீங்க. நான் சிரிச்சனுங்க."

யாரும் கைதட்டவில்லை. நாளை எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. இன்று சாயங்காலம் சோமனூர் பக்கம் ஒரு அம்மா ஏழரை எச்.பி. கேட்டிருக்கிறார். போகிறேன். கயிற்றில் ஒரு முடிச்சு நைந்திருந்தது, புதிதாகப் போட்டுவிட்டேன். முதலில் அதை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.