பன்னிரண்டு மணிச் செய்திக்கு வந்த சூரியன்

அக்கா,

இன்று பகல் பன்னிரண்டு தாண்டியதும் எங்கள் வீட்டு டிவியில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் நெற்றி ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் நின்றுவிட்டன. பிறகு திரை கறுத்து, சிக்னல் இல்லை என்று ஒரு வரி. காலண்டரைப் பார்த்தேன், பங்குனி பிறந்திருந்தது. ரசத்தை இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போகலாம் என்று எழுந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உங்கள் வீட்டுக் கதவுதான். அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அதற்கு வந்துவிட்டால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். அதனால் பழையதைக் கொஞ்சம் பேசிவிட்டு வருகிறேன்.

அந்தப் பதிவுப் பெட்டியை உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். வீட்டில் இருக்கும்போது மேட்ச் இல்லை, மேட்ச் இருக்கும்போது வீட்டில் இல்லை என்று புலம்பிப் புலம்பி, நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைக்கும் பெட்டியை வாங்கினார். அதில் எத்தனை மேட்ச் பதிவானதோ, எனக்குத் தெரியாது. நீங்கள் பதிவு செய்தது ஒன்றே ஒன்று. பன்னிரண்டு மணிச் செய்தி. ஒரு சின்னச் சேனலில், பெரிய பொட்டு வைத்துக்கொண்டு அதை வாசித்தவள் உங்கள் மகள்.

அவள் மனதுக்குப் பிடித்தவனை, வேறு சாதிக்காரனை, சென்னையில் கட்டிக்கொண்டாள். அண்ணன் கத்தவில்லை. "இனிமே அவ பேச்ச இந்த வூட்டுல எடுக்கக் கூடாது" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அப்பா அப்படிச் சொன்னபோது அம்மா வாய் திறக்கவில்லையே என்று அவளுக்கு உங்கள் மேல் கோபம். போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். உங்களுக்கு மிஞ்சியது அந்தப் பத்து நிமிடச் செய்திதான்.

சமையல் முடித்து, கதவைச் சாத்திவிட்டு, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்ப்பீர்கள். "கண்ணு வீங்கிகினு இருக்குது பாரு, ராத்திரி தூங்கல போலருக்குது." "இந்தப் பொடவை புதுசுடி." எங்கோ பாலம் இடிந்தது என்று அவள் வாசிப்பாள். என்ன செய்தி அக்கா என்று கேட்டால், "அத யாரு கேட்டா" என்பீர்கள். முடிவில் அவள் வணக்கம் சொல்லும்போது உங்கள் கையும் தானாகக் குவியும். நான் கேலி செய்வேன். கேலி செய்யாவிட்டால் நான் அழுதுவிடுவேன், அதனால்தான்.

அவள் கோபித்துக்கொண்ட அந்த வருடப் பங்குனியில்தான் முதல் தடவையாகப் படம் உடைந்தது. தினமும் அதே நேரம், மிகச் சரியாக அவள் முகம் வரும்போது. டிஷ் கொடுப்பதைத்தானே பெட்டி பதிவு செய்யும்? பதிவிலும் அதே இடத்தில் அவள் துண்டு துண்டாக உடைந்து கிடந்தாள். பெட்டியை அணைத்துப் போட்டோம். கார்டை உருவிச் சேலைத் தலைப்பில் துடைத்துச் செருகினோம். கேபிள் முனையைத் திருகினோம். கஸ்டமர் கேரில் பேசிய பையன், அணைத்துப் போடுங்கள் மேடம் என்றான்.

நம் ஊரில் எது கெட்டாலும் பழி மைன்ஸ் மேல்தான் விழும். சுவரில் கீறலா, பிளாஸ்டிங். பால் திரிந்ததா, அதற்கும் பிளாஸ்டிங். வெடி வைக்கும் அதிர்ச்சியில் டிஷ் அசைந்துவிடுகிறது என்று பிளாக் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். நீங்கள் மட்டும் அந்தக் கட்சியில் சேரவில்லை. ஒரு நாள் மாவாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னீர்கள்.

"பிளாஸ்டிங்கும் இல்ல, ஒண்ணும் இல்லடி. அவருதான்."

"அண்ணனா?"

"செகண்ட் ஷிஃப்ட்டு வாரம். மத்தியானம் வூட்டுலதான இருக்காரு? செய்தி நேரத்துக்குச் சொல்லாம கொள்ளாம மாடிக்குப் போறாரு. எறங்கி வந்தா கையெல்லாம் கிரீஸு. நான் ஏறிப் பாத்தேன். டிஷ்ஷு போல்ட்ல புதுசா மைன்ஸு கிரீஸு."

அண்ணன் அப்படிச் செய்கிறவர் இல்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லை. "பேச்ச எடுக்காதேன்னாரு, எடுக்கல. மூஞ்சியக் கூடப் பாக்கக் கூடாதா? அவரு கைதான்னு தெரிஞ்சிது, அன்னிக்கே பஸ் ஏறிடுவேன். அவ வாசல்ல உக்காந்துகினு இருப்பேன். சேத்தா சேக்கட்டும், இல்லன்னா போவட்டும்." சொன்னதோடு நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பை தயாராக இருந்தது, நான் பார்த்தேன். இத்தனை வருடக் குடித்தனம் ஒரு போல்ட்டில் வந்து நிற்கிறதே என்று அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அண்ணனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பன்னிரண்டு மணிக்கு அவர் மைன்ஸுக்குள்ளே, ஆழத்தில் இருப்பார். அன்றைக்குப் படம் உடையாவிட்டால் பையை எடுத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தெர்மல் ஸ்டேஷன் சாம்பல் படிந்திருக்கிறது, கழுவிவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சாக்குச் சொல்லி உங்களை மாடிக்குக் கூட்டிப்போனேன். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுப் போனோம். படிக்கட்டு வழியாக உங்கள் மகளின் குரல் மேலே வந்துகொண்டிருந்தது. நீங்கள் ஈரத்துணியால் டிஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாளியோடு நின்றேன்.

குரல் திக்கியது. அறுந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு போல்ட்டும் அசையவில்லை. வெடிச் சத்தமும் கேட்கவில்லை. "இங்க பாருடி" என்றீர்கள். ஈரத்தில் டிஷ் கண்ணாடியாகப் பளபளத்தது. அதில் விழுந்த வெயில் முழுவதும் திரண்டு, முன்னால் கம்பி நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னத் தலையின் மேல் ஒரு சுடராக உட்கார்ந்திருந்தது. வேறு எங்கும் இல்லை, சரியாக அதன் மேல் மட்டும். நீங்கள் உள்ளங்கையை இடையில் நீட்டி, சுட்டதும் இழுத்துக்கொண்டீர்கள். இருவரும் மூச்சு விடாமல் பார்த்தோம். சுடர் நகர்ந்தது. கண்ணுக்கே தெரியாதபடி மெதுவாக, விளிம்புக்கு வந்து, வழிந்து இறங்கியது. அது இறங்கிய அந்த நொடியில் கீழேயிருந்து அவள் குரல் மறுபடி எழுந்து வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. வானத்தில் எங்கோ தொங்குகிற செயற்கைக்கோள், அதற்கும் பின்னால் எட்டாத தூரத்தில் சூரியன், இந்தப் பக்கம் ஒரு குவார்ட்டர்ஸின் மொட்டை மாடியில் துருப்பிடித்த ஒரு தட்டு. மூன்றும் ஒரே கோட்டில் வந்து நின்று, சூரியனின் இரைச்சலில் ஒரு பெண்ணின் முகம் சற்றுநேரம் மூழ்கிப்போகிறது. அவ்வளவு பெரிய காரியம் நம் தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்திருக்கிறது, நாம் கார்டைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நீங்கள் அண்ணாந்து கைகூப்பினீர்கள். "எம் பொண்ணப் பாக்க இவனும் வரானாடி" என்று சிரித்தீர்கள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த நாட்களில் சுடர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி விழுந்தது, ஒரு நாள் அந்தத் தலையைத் தொடாமலே போய்விட்டது. அன்றைக்குப் படம் உடையவில்லை. நமக்குச் சந்தேகமும் தீர்ந்தது.

ஆனால் அந்த போல்ட்டில் இருந்த கிரீஸ்?

அதற்குப் பதில் பெட்டிக்குள் இருந்தது. சுடரைப் பார்த்த அன்றே, மாடியிலிருந்து இறங்கி வந்து பழைய பதிவு ஒன்றைப் போட்டீர்கள். அது நடுவிலிருந்து ஓடியது. "இது ஒரு சனியன். மொதல்லேருந்து வராது, இஷ்டத்துக்கு ஓடும்" என்று திட்டினீர்கள். பெட்டி கெடவில்லை அக்கா. யார் எங்கே நிறுத்தினார்களோ அங்கிருந்துதான் அது தொடரும். நீங்கள் வணக்கம் வரை பார்க்காமல் ஒரு நாளும் எழுந்ததில்லை. நான் அதைச் சொன்னதும் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அந்த வீட்டில் ரிமோட்டைத் தொடுகிற கை இன்னும் ஒன்றுதானே? நீங்கள் காலையில் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற நேரத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்து மகளைப் பார்த்திருக்கிறார். நீங்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் பாதியில் நிறுத்தியிருக்கிறார். படம் உடைந்ததும் எல்லாரையும் போல பிளாஸ்டிங் என்று நினைத்து, போல்ட்டை முடுக்க ஓடியிருக்கிறார்.

அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் குதித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வேணாம். சூரியன்னு தெரிஞ்சா ஏற மாட்டாரு. போய்கினு வரட்டும். அவளுக்காக அவரு செய்யறது அது ஒண்ணுதான்." அன்று மாலை பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினீர்கள். மறுநாளிலிருந்து கோயிலில் உங்களுக்குச் சுற்று அதிகமாகிவிட்டது. அவர் நிதானமாகப் பார்த்து முடிக்கட்டும் என்று.

அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியும் புரட்டாசியும் ஒரு திருவிழாதான். படம் உடையும். அண்ணன் ஸ்பேனரோடு மாடிக்குப் போவார். நீங்கள் படிக்கட்டடியில் நிற்பீர்கள். "வந்துடுச்சா?" "இன்னும் இல்லீங்க." "இப்ப?" சூரியன் நகர்ந்ததும், "வந்துடுச்சுங்க, எறங்கி வாங்க." தான்தான் சரிசெய்தோம் என்ற நிமிர்ந்த நடையோடு அவர் இறங்கி வருவார். யாருக்காக, எதற்காக என்று ஒரு வார்த்தை இருக்காது. எதிர்வாசலில் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவீர்கள்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. மகள் வந்தாள். அப்பாவும் மகளும் உங்கள் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக நின்றார்கள், பேசவில்லை. இப்போது அண்ணன் ரிட்டயர் ஆகப்போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அம்மா சேலைகளை எடுத்துக்கொள் என்று மகளுக்குச் சொல்லியனுப்பினேன், நேற்று வந்து என் வீட்டில்தான் தங்கினாள். இன்று அவள் உங்கள் அறையில் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். அண்ணன் முகம் கொடுக்காமல் பன்னிரண்டு மணிச் செய்தியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசிக்கிறவள் வேறு யாரோ, ஆனாலும் பழக்கம்.

படம் உடைந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து மாடிக்குப் போனவர் அவர்தான். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

"வந்துடுச்சா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மேலே ஸ்பேனர் சத்தம் நின்றது. நான் வாசலில் நின்றேன், பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அந்த இடம் உங்களுடையது அக்கா. உங்கள் பச்சைச் சேலையைக் கையில் வைத்தபடி அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். திரையைத் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டடியில், நீங்கள் நிற்கிற அதே இடத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் இல்லப்பா."

ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அதை எடுத்து எதையோ தட்டினார், திருகினார். முறுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். "இப்ப?" என்றார். குரல் உடைந்திருந்தது. "இல்லப்பா." "இப்ப பாரும்மா." அவள் சேலையை மார்போடு சேர்த்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். நான் சூரியனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கொஞ்சம் மெதுவாக நகரேன் என்று அதனிடம் வேண்டிக்கொண்டேன்.

"வந்துடுச்சுப்பா. எறங்கி வாங்க, வெயிலு."

அவர் இறங்கி வந்தார். நடையில் பழைய நிமிர்வு. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். டிஷ்ஷையும் பெட்டியையும் கழற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று அவள் சொன்னாள். அங்கே யார் மாட்டுவது, ஆள் வைத்தால் சரியாக முடுக்கமாட்டார்கள் என்று அவர் முனகினார். நீங்களே வந்து மாட்டுங்கப்பா என்றாள்.

புரட்டாசியில் அந்த மாடிக்கும் வருவான், உங்கள் சூரியன். நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா.