அப்பாவின் ரிக்கெற்

அன்பு மகளுக்கு,

நீ கலியாணம் முடித்துப் பெல்ஜியம் போனதிலிருந்து, உன்னைப் பார்க்கப் போவோம் என்றால் அப்பா ரயில் ரிக்கெற் விலையைத்தான் சொல்வார். நானும் அதை நம்பியதுபோலவே இருந்தேன்.

போன கிழமை நானே தேடினேன். லண்டனிலிருந்து நேரே பிரசல்ஸ் போகாமல் பிரான்சின் லீல் நகரில் இறங்கி, எல்லை கடக்கும் சாதாரண ரயிலில் ஏறினால் உன் ஊருக்குப் பாதிச் செலவில் வந்துவிடலாம். ரயில் மாற எனக்குப் பிரெஞ்சு தேவையில்லை, வாய் இருக்கிறது.

"மலிவா ரிக்கெற் எடுத்திட்டன். நான் போறன்," என்று அப்பாவிடம் சொன்னேன்.

அவர் டிவியை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "அந்த வெள்ளைக்காரப் பெடியன் எங்கட சாப்பாடு சாப்பிடுவானோ?"

அப்பாவுக்கும் எடுத்து வைத்திருந்த ரிக்கெற்றை அப்போதுதான் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா.

உன் அம்மா