சீர்த்தட்டுப் பாட்டும் என் வயிற்றெரிச்சலும்

இன்று காலை பாப்பாரப்பட்டிக் கடைத்தெருவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு சீர்வரிசை போய்க்கொண்டிருந்தது. சந்தனமும் மல்லிகையும் பட்டாசுப் புகையும் கலந்த வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே உன் பாட்டும் வந்தது. குட்டியானை வண்டியில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் கட்டி அலற விட்டிருந்தார்கள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், ஆரம்ப இசை வந்ததுமே முன்சீட்டுக் கம்பியில் விரலால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். "இந்தப் பாட்டு இல்லாம எங்கூர்ல தாய்மாமன் சீரே கெளம்பாதுங்க," என்றார் என்னிடம் திரும்பி. எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதே. அந்த ஆரம்ப இசையை வாசித்த விரல்கள் அவருக்கு அரையடி தள்ளி என் மடியில்தான் கிடந்தன. அதைச் சொல்லியிருந்தால், இறங்கும் வரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்துப்போனவன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். உன்னை எடுத்துப் போன அன்று பேண்டு செட்டுக்காரர்கள் உன் பாட்டையே மெதுவாக வாசித்துக்கொண்டு நடந்தார்கள். தெருவே அழுதது. நானும் அழுதேன். அழுதுகொண்டே, நான் போகும்போது எதை வாசிப்பார்கள் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இப்படி ஒரு வெட்கங்கெட்ட மனசு எனக்கு.

உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் உன் மனைவிக்குப் போன் செய்தாராம். பாட்டைத் துடைத்து மெருகேற்றி மறுபடி வெளியிடப் போகிறார்கள். இசை யார், கீபோர்டு யார் என்று பெயர் கேட்டிருக்கிறார். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி உடனே எனக்குப் போன் போட்டது. "எனக்கு என்னங்கண்ணா தெரியும்? கூட இருந்தவரு நீங்க. வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போங்க, அதையே எழுதிக் குடுத்துடறேன்." இத்தனை வருஷமாக நான் ஏங்கிய விஷயம், நான் சொன்னால் நடக்கும் என்று என் கைக்கே வந்திருந்தது.

நான் முறையாகப் படித்தவன். ஏழு வருஷம் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் நோட்ஸ் பார்த்து வாசிக்கக் கற்றவன். நீ மோட்டார் காயில் கட்டுகிறவன். நம் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்க வந்தாய், கீபோர்டைத் தொட்டுப் பார்த்தாய், அப்படியே ஒட்டிக்கொண்டாய். மூன்று விரலுக்கு மேல் உனக்குக் கடைசி வரை வரவில்லை. ஆனால் கிணற்றுமேட்டில் நின்று மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே "உள்ள பேரிங் போச்சுங்க" என்று சொல்லிவிடுவாய். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

உன் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தாய்மாமன் நீ. பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே பாட்டுக்கு அலைந்தாய். "நாயனம், தவில் ஒண்ணும் வேண்டாண்டா வித்வானே. முழுக்க கீபோர்டும் டிரம் மெஷினுந்தான். மாமன் சீருன்னா ராக்கெட்டு கெளம்புறாப்பல இருக்கணும்," என்றாய். என்னை வித்வானே என்றுதான் எப்போதும் கூப்பிடுவாய். கிண்டலா மரியாதையா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

பாலக்கோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்னறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. வெளியே தக்காளி லாரிகள் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தோம். நீ எழுதி வைத்திருந்ததே நாலு வரி. "தட்டு வருது தட்டு வருது, தள்ளி நில்லுங்க" என்று ஆரம்பித்து அங்கேயே சுற்றி வரும். உனக்கோ சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. அதனாலென்ன என்று குரலைக் கீபோர்டு வழியாக விட்டு மெஷின் பேசுகிற மாதிரி ஆக்கினாய். அந்த மெஷின் குரலைத்தான் இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடிக் காட்டுகின்றன.

ஆரம்ப இசைக்கு நான் மூன்று ராகத்தில் மூன்று விதமாகத் தயார் செய்து போயிருந்தேன். நீ ஒன்றுக்கும் தலையாட்டவில்லை. கடுப்பில், விரலாவது சூடாகட்டும் என்று தினமும் காலையில் வாசிக்கிற விரல் பயிற்சியை ஓட்டினேன். ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒன்றுமே இல்லாத ஒரு பயிற்சி. நீ துள்ளி எழுந்தாய். "அதாண்டா! அதையே வாசி!"

"டேய், இது பாட்டே இல்ல. கை பழகறதுக்கு வாசிக்கிறது."

"இருக்கட்டுமே. எனக்கு இதுதான் வேணும்."

வேகத்துக்கும் சண்டை. நான் ஆட்டம் போடுகிற வேகத்தில் வைத்தேன். நீ வெளியே போய் ஒரு எவர்சில்வர் தட்டு நிறையத் தக்காளியோடு வந்தாய். சீர்த்தட்டில் ஆப்பிள் அடுக்குவது போலக் கோபுரமாக அடுக்கி, மார்புக்கு நேராக ஏந்திக்கொண்டு, அந்தச் சின்ன அறையில் பாட்டுக்கு ஏற்றபடி நடந்தாய். நாலாவது அடியில் ஒரு தக்காளி உருண்டது. "கொறை." மறுபடி நடந்தாய், மறுபடி உருண்டது. "இன்னுங் கொஞ்சம் கொறைடா. எங்கக்கா, எங்க சித்தி எல்லாம் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு இதுக்கு நடக்கணும்." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு தக்காளிகூட விழாமல் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தாய் பார், அந்த வேகத்தில்தான் பாட்டு பதிவானது. நான் மனசுக்குள் உன்னைக் கோமாளி என்று திட்டிக்கொண்டே வாசித்தேன்.

சி.டி. அட்டைக்குப் பெயர் எழுதும்போது 'இசை' என்று போட்டு நம் இரண்டு பேர் பெயரையும் எழுதினாய். நான்தான் தடுத்தேன். "இதுல என் பேரைப் போட்டு மானத்தை வாங்காத. மேடையில சுத்தமா வாசிக்கிறவன்னு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்குது எனக்கு. எடுத்துடு." "நெசமாத்தான் சொல்றியா வித்வானே?" என்றாய். நெசமாத்தான் என்றேன். நீ பேனாவால் ஒரு கோடு இழுத்தாய்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். சி.டி.யில் இருந்து மெமரி கார்டுக்குப் போயிற்று. பென்னாகரம், அரூர், தீர்த்தமலை என்று எந்தப் பக்கம் சீர் கிளம்பினாலும் அதுதான். மாரண்டஹள்ளிப் பக்கம் கன்னடக்காரர்கள் தங்கள் பாஷையில் வரி மாற்றிப் பாடினார்கள். பட்டுப்புடவை கட்டிய பெண்கள் தட்டு அசையாமல் அந்தப் பாட்டுக்கு நடந்து போவதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. அதே சமயம் கால் தானாகத் தாளம் போட்டது. அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல இருக்கும்.

பாலக்கோட்டு டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "ஏங்க, நீங்களும் அவருகூடத்தானே வாசிச்சீங்க? அட்டையில உங்க பேரக் காணோமே?" நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெட்டி உட்டுட்டாங்க. கூட இருந்தவனே பண்ணினா என்ன செய்யறது?" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய். அவர் 'ச்சொச்சொ' கொட்டினார். அந்த ருசி எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு இருபது வருஷமாகக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அதையே சொல்லித் திரிந்தேன்.

நானும் பன்னிரண்டு பாட்டுப் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் சுத்தமான பாட்டுகள். கேட்டவர்கள், "நல்லாருக்குதுங்கண்ணா. அப்படியே அந்தச் சீர்த்தட்டுப் பாட்டையும் ஒருக்கா வாசிச்சுடுங்க," என்றார்கள். எனக்கு உன் பெயர் மேல் பொறாமை என்றுதான் நினைத்திருந்தேன். அது இல்லை. அந்தப் பயிற்சியைப் பாட்டுப் பதிவுக்கு முன்னாலேயே பத்து வருஷம் நான் தினமும் காலையில் வாசித்தேன். அதில் ஒரு பாட்டு இருப்பது எனக்குக் கேட்கவில்லை. அடப்பாவி, உனக்கு ஒரே தடவையில் கேட்டது. உன் காது மேல்தான் எனக்குப் பொறாமை.

உன் வீட்டுக்குள் நுழையும்போது சொல்ல வேண்டியதைத் தயாராகவே வைத்திருந்தேன். இசை நாங்கள் இரண்டு பேரும், ஆரம்ப இசை முழுக்க நான். தங்கச்சி டீ கொடுத்துவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தது. "சொல்லுங்கண்ணா." முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. "அம்மா, பேரை அவன் வெட்டலம்மா. நாந்தான் வேண்டான்னேன். ஊருல நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதெல்லாம் பொய்," என்று கொட்டிவிட்டேன்.

தங்கச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டில் கோடு போட்டுக்கொண்டே சொன்னது: "தெரியுங்கண்ணா. அவரு அப்பவே சொல்லிட்டாரு. நீங்க வெளியில பேசுறதும் காதுக்கு வரும். எனக்குத்தான் மனசு ஆறாது, 'போய் நேருலயே கேளுங்க'ன்னு சண்டை போடுவேன். 'அவன் சொல்லிட்டுப் போறான், உடு. நாங் கேட்டா அவன் எங்கூட வாசிக்க வரமாட்டான்'னுடுவாரு."

டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். அப்புறம் இசை என்று உன் பெயரையும், கீபோர்டு என்று என் பெயரையும் எழுதச் சொன்னேன். என் பெயரை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு நல்லவன் இல்லை நான். அதுவும் இருக்கட்டும் என்றேன்.

இதிலும் நீதான் என்னைத் தோற்கடித்தாய். எல்லாம் தெரிந்துகொண்டே மேடையில் எனக்குச் சோடா உடைத்துக் கொடுத்திருக்கிறாய். என் பக்கம் திரும்பிச் சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பை இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரே ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து, "ஏண்டா பொய் சொன்ன?" என்று கேட்டிருக்கலாமடா. கேட்டிருந்தால் இன்றைக்குத் தங்கச்சியிடம் சொன்னதை உன்னிடமே சொல்லியிருப்பேன்.