பழைய டிஸ்க் என் கைப்பையில்

வீட்டுக்காரருக்கு,

மேஜை மேல் இருப்பது புது ஹார்டு டிஸ்க். ஃபார்மட் செய்துவிடுங்கள். பழையதும் இதே கறுப்பு, இதே அளவு. கடைக்காரர் நீலத்தைக் காட்டியும், "கறுப்புதான் வேணும்" என்று அடம்பிடித்தவர் நீங்கள். நேற்று, "தப்பித் தவறி பழசை அழிச்சிட்டா கத்தக் கூடாது" என்று முன்ஜாமீன் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டிவிட்டது. என் தம்பி கல்யாணத்தில் நீங்கள் ஆடிய ஆட்டத்தின் வீடியோ அதில்தானே இருக்கிறது! அதனால் பழையது என்னோடு ஆபீஸ் வருகிறது. இனி தைரியமாக அழித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு அடுப்பு மேல். சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

பி.கு: கேலி பண்ண வைத்துக்கொள்ளவில்லை. நான் உங்களைச் சுற்றி ஆடுவது தினமும் நடக்கிறது. நீங்கள் என்னைச் சுற்றி ஆடியது அன்றைக்கு மட்டும்தான்.

இன்னொன்று: தம்பியிடமும் ஒரு பிரதி இருக்கிறது.