பெருநாள் ராட்டினமும் என் கதிரையும்

ஓகஸ்ட் 9, வியாழன்

காலையிலிருந்தே சோளகக் காற்று. தைத்துக் கொடுக்க வேண்டியவை: பெருநாள் சட்டை மூன்று, பாடகர் குழுவுக்குப் பாவாடை ஒன்று. கறுப்பு நூல் முடிந்தது.

மாதா கோயில் வளவில் பெருநாளுக்கு ராட்டினம் பூட்டிவிட்டார்கள். என் மகள் நிலானிக்கு அதே கதை. ஏழு வயது, ஒருநாளும் ஏறியதில்லை. "நீங்களும் வந்தாத்தான் அம்மா ஏறுவன்." சரி என்றுவிட்டேன். என் வாய்.

பின்னேரம் தம்பி சீலன் சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு போனான். மணலில் சில்லு புதைந்து அவனுக்கு மூச்சு வாங்கியது. ரிக்கெற் கிழிக்கிறவன் என் மடியைப் பார்த்தான், பிறகு மடிக்குக் கீழே. இரண்டு காலும் சண்டைக்காலச் செல்லடியில் போனது என்று எழுதி ஒட்டிக்கொண்டா வர முடியும்?

"அக்கா, ராட்டினப் பெட்டிக்குள்ள கதிரை போகாது. நாலு பேர் தூக்கி வைக்கிறம்."

"நான் என்ன அரிசி மூட்டையே?"

"அப்ப ஏத்தேலாது. விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?"

பின்னால் நின்ற மனிசி: "காலில்லாதவளுக்கு ராட்டினம் ஒரு கேடு."

அவளின் கையைப் பிடித்து முறுக்கினேன். நன்றாகவே முறுக்கினேன். சீலன்தான் பிரித்துவிட்டான். உண்மையைச் சொன்னால் சந்தோசமாக இருந்தது.

ஓகஸ்ட் 10, வெள்ளி

வள்ளத்திலிருந்து மீன்பெட்டி இறக்கும் பலகை ஒன்றைச் சீலன் சீவி, மண்கடதாசி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தான். கதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவே அதைப் போட்டு வழுக்கிப் பார்த்தேன். முதல் தரம் விழுந்து முழங்கையில் தோல் போனது. பிறகு சரி. ஒருவரும் என்னைத் தொடத் தேவையில்லை.

சீலன் போய்க் கேட்க, பங்குத்தந்தை ராட்டினக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்: "பலகையோட வந்தா ஏத்துங்கோ."

அந்த ராட்டினத்தையும் நம்ப ஏலாது. ஜெனரேற்றர் இருமுகிறது. இன்றைக்கும் நடுவில் நின்றதாம். மேலே இருந்தவர்கள் கத்த, பிறேக் பிடிக்கிற ரவி மட்டும் விடாமல் தொங்கிக்கொண்டு நின்றானாம். வெள்ளாங்குளத்துக்காரன்.

ஓகஸ்ட் 11, சனி

பேனையை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

ஏறினேன். நானே ஏறினேன். பலகையில் இரண்டு உந்தல், பெட்டிக்குள். நிலானி ஒட்டிக்கொண்டாள். மேலே போகக் கடல், எங்கள் வள்ளம், அவளின் சிரிப்பு. ஆண்டவரே, இது போதும் என்று நினைத்தேன்.

உச்சியில் நின்றபோது ஜெனரேற்றர் வெடித்தது. புகைக்குழாய்ச் சத்தம்தான். ஆனால் செல் விழுந்தது போலவே.

கீழே முழுச் சனமும் விழுந்து படுத்தது. கிழவர், குமர்ப்பிள்ளைகள், கச்சான் கடலை விற்கிறவள், சீலன், எல்லோரும் குப்புற, கை காதில். கடைசிச் சண்டைவரை வன்னிக்குள் கிடந்த சனம். ரவியும் படுத்தான். பிறேக்கை விட்டுவிட்டுப் படுத்தான்.

ராட்டினம் பின்பக்கமாக ஓடியது. பெட்டி ஆடி, நிலானியின் நெற்றி கம்பியில் மோதி, என் சட்டையெல்லாம் இரத்தம். தானாக நின்றபோது நாங்கள் நிலத்துக்குக் கிட்ட இருந்தோம்.

சனம் எழும்பியது. படுத்த வெட்கத்தில் ரவியைப் பிடித்தார்கள். முதல் அடி சீலன், வாயில். பிறகு எல்லோரும். கச்சான்காரி தராசால் அடித்தாள். அடித்த ஒவ்வொருவரின் நெஞ்சிலும் மணல்.

"அண்ணை, நானும் வன்னிக்குள்ள இருந்தனான். சத்தம் கேட்டா உடம்பு தன்ரபாட்டில விழுகுது அண்ணை." இரத்தத்தோடு பல்லைத் துப்பினான் ரவி.

"அதுக்குப் பிறேக்கை விட்டிட்டுப் படுப்பியோடா?" சீலன் விலாவில் உதைத்தான்.

கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து நானே என்னை விழுத்தினேன். கையால் ஊர்ந்து போய்ச் சீலனின் கெண்டைக்காலைக் கடித்தேன். இரத்தம் வரும்வரை விடவில்லை.

"அக்கா, உனக்கென்ன விசரே? உன்ர பிள்ளைக்காகத்தானே அடிக்கிறன்."

"நீயும்தானேடா படுத்தனீ."

அதோடு நிறுத்தினான். மற்றவர்களும் கையை எடுத்தார்கள்.

நிலானிக்கு நெற்றியில் தையல். ரவி மன்னார் ஆஸ்பத்திரியில். விலா முறிவாம்.

ஓகஸ்ட் 12, ஞாயிறு

கடும் வெயில். பூசைக்குப் போகவில்லை. பின்னேரம் சீலன் நொண்டி நொண்டி எங்களைக் கோயில் வளவில் கொண்டுபோய் விட்டான். உடனே வள்ளத்தடிக்குப் போய்விட்டான்.

ராட்டினம் ஓடுகிறது. பிறேக்கில் வேறு ஆள். மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்: சக்கரக் கதிரையில் வருவோருக்கு அனுமதி இல்லை. பிறேக்கை விட்டது நானா? ஜெனரேற்றர் வெடித்தது என் காலாலா?

பெருநாள் சபைத் தலைவரிடம் கேட்டேன்.

"நேற்றையப் பிரச்சினை உம்மாலதானே பிள்ளை வந்தது. உம்மட பாதுகாப்புக்குத்தான் எழுதினது."

இந்த மனிசனும் நேற்று மணலில் கிடந்தவர். மட்டையைப் பிடுங்கி முகத்தில் எறிந்தேன். வேறு மட்டை எழுதச் சொல்லி ஆளை அனுப்பினார்.

நிலானி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்ப நான் மட்டும் ஏறட்டே?"

அடித்துவிட்டேன். கன்னத்தில், முழுக் கையாலும். நெற்றிக் கட்டில் இரத்தம் கசிந்தது.

அவள் அழவில்லை. பின்னால் போய்க் கதிரையைத் தள்ளத் தொடங்கினாள். வீட்டுப் பக்கமாக, அந்தச் சின்ன உடம்பு முழுவதையும் சாய்த்து. "நில்லடி, மாமா வருவார்" என்றேன். நிற்கவில்லை.