சுதா மட்டும் பார்த்த ஏரி

ஜூலை 3, வெள்ளி, 1998

காலையில் தூறல். ஆயில் செக், டயரில் காற்று. நியூ ஜெர்ஸி பிஸ்கட்டவேயிலிருந்து வடக்கே, அடிரோண்டாக் ஏரிகளுக்கு. நண்பன் முரளியின் வண்டி, முரளியின் குடும்பம். நான் பின் சீட்டில், அவன் பெண் நித்யாவுக்குப் பக்கத்தில். போன சம்மரில் என் சுதா உட்கார்ந்து போன இடம்.

அப்போது எனக்கு டெக்சாஸில் கிளையன்ட் வேலை. அவள் மட்டும் இவர்களோடு வந்தாள். "அடுத்த சம்மர் நாம ரெண்டு பேரும்" என்றாள் போனில். ஜனவரியில் ஆஸ்பத்திரி. பிப்ரவரியில் இல்லை.

வழியெல்லாம் மேப்புக்குச் சண்டை.

"எக்ஸிட் போயிடுச்சு. சொன்னேன்ல?" முரளி மனைவி ஹேமா.

"தாண்டினப்புறம் சொன்னே."

"ஆமாமா, ரோடு வளைஞ்சதும் என்னாலதான்."

எனக்கு வயிறு எரிந்தது. இப்படிச் சண்டை போட ஆள் இருக்கிறது அவனுக்கு.

மோட்டல். ஹேமா ஹாட் பிளேட்டில் தாளித்தாள். புகை அலாரம் கத்தாமலிருக்க முரளி நாற்காலியில் ஏறி டவலால் விசிறினான். "போன தடவ சுதாதான் விசிறினா" என்றாள் ஹேமா. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஏன் நிறுத்த வேண்டும்? முழுசாகச் சொல்லட்டுமே.

ஜூலை 4, சனி

வெயில். கொசு. ஏரிக்கு நடை. மரத்துக்கு மரம் நீலத் தகடு, வழி காட்ட. லெமன் ரைஸ் மூட்டை என் முதுகில்.

கேட்டே விட்டேன். சுதா இங்கே என்னவெல்லாம் செய்தாள்?

முரளி: "முட்டி வரைக்கும் தண்ணில இறங்கினா."

ஹேமா: "எங்க இறங்கினா? ஐஸ் மாதிரி இருக்குன்னு ஷூவையே கழட்டல."

"நீ தூங்கிட்டிருந்தே."

"நானா? குறட்டை விட்டது யாரு?"

ஒரே நாள், கம்ப்யூட்டர் லாக் மாதிரி இரண்டு பதிவு, ஒத்துப்போகவில்லை. அந்த நாள் இவர்களுக்குக் கிடைத்தது. பாதியைத் தூங்கியே தொலைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்திருந்தால் கண்ணை மூடியிருக்க மாட்டேன்.

கரையில் ஒரு பெரிய பாறை. நித்யா ஓடிப்போய் ஏறினாள். ஐந்து வயது.

"திஸ் இஸ் அவர் ராக். மீ அண்ட் சுதா ஆன்ட்டி."

"ரெண்டு பேரும் இங்க என்ன பண்ணீங்க?"

"இட்ஸ் எ சீக்ரெட்."

"என்கிட்ட சொல்லலாம்டா கண்ணு. அவ என் வைஃப்."

"ஐ நோ. ஷி செட் நாட் ஈவன் யூ."

என்னிடம்கூடச் சொல்லக்கூடாதாம்.

சாக்லெட் கொடுத்தேன். வாங்கித் தின்றாள். சொல்லவில்லை. ஒரு குழந்தை மேல் இவ்வளவு பொறாமை வருமா? வருகிறது.

சாயங்காலம் அக்கரையில் சுதந்திர தின வாணவேடிக்கை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் பாறையை.

ஜூலை 5, ஞாயிறு

மேகம். காபி மகா மோசம். கிளம்பும் முன் பாறைக்குத் தனியாகப் போனேன். சுற்றி வந்தேன். விரிசலில் விரல் விட்டேன். பாசி, எறும்பு, ஒரு சோடா மூடி. அவ்வளவுதான். ஷூவோடு தண்ணீரில் இறங்கினேன், முட்டி வரைக்கும். ஐஸ்தான். ஹேமா சொன்னது சரி. இல்லை, முரளி சொன்னதும் சரியாக இருக்கலாம்.

"என்ன ரவி, ஷூ ஃபுல்லா தண்ணி! மாத்திக்கக்கூட வேற இல்லையே?" ஹேமா.

"விடு ஹேமா" என்றான் முரளி. மெதுவாக. அந்த 'விடு'வும் எனக்கு வேண்டாம்.

வண்டியில் நித்யா என் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு காதருகே வந்து, "ஓகே. யூ கேன் கெஸ். ஒன்லி ஒன்."

ஒன்றுதான். யோசித்தேன். பாட்டு? ஏதாவது பேர் வைத்தாளா? அழுதாளா? எது சொன்னாலும் தப்பாகிவிட்டால் அதோடு போயிற்று.

நியூ ஜெர்ஸி போர்டு வந்தது.

"வெல்? வாட்ஸ் யுவர் கெஸ்?" நித்யா.

"அடுத்த சம்மர் சொல்றேன்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"ப்ராமிஸ்?" சுண்டுவிரலை நீட்டினாள்.

கோத்துக்கொண்டேன். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்கவில்லை.